தலையாட்டும் கம்பைலர்

மார்ச் 3, செவ்வாய்

மூன்றாம் மாடி ஏ.சி. மறுபடி பழுது. ஜன்னலைத் திறந்தால் கீழே லாரி பின்னோக்கி வரும் பீப் பீப் சத்தம், மூடினால் வேர்வை. நான் திறந்தேன், மீசை மூடினார், மறுபடி நான் திறந்தேன். எங்கள் கம்பைலர் குழுவுக்கு அவர்தான் தலைவர். மீசையை எடுத்து ஆறு வருடம் ஆகிறது, பட்டப்பெயர் மட்டும் போக மாட்டேன் என்கிறது.

பெட்டி மேடத்திடமிருந்து இன்று ஒரு கேள்வியும் வரவில்லை. நேற்றும் இல்லை. குறைமாதக் குழந்தைகளைச் சூடாக வைத்திருக்கும் கண்ணாடிப் பெட்டி செய்யும் கம்பெனியில் அந்தப் பெட்டிக்குள் ஓடும் புரோகிராமை எழுதுகிறவர் அவர். புரோகிராமை இயந்திர மொழிக்கு மாற்ற எங்கள் கம்பைலரை வாங்கியவர்களில் இவர் அளவுக்கு என் உயிரை வாங்கியவர் வேறு யாரும் இல்லை. போனை எடுத்தாலே "மேடம், ஒரு சின்ன டவுட்." சின்னதாக ஒன்றுகூட வந்ததில்லை, ஒன்றோடு நின்றதும் இல்லை. பத்துக் கேள்வி கேட்டுவிட்டுத்தான் வைப்பார்.

இரண்டு நாளாகச் சத்தமில்லை என்றால் எனக்கு நிம்மதியாக அல்லவா இருக்க வேண்டும்? இல்லை.

மார்ச் 5, வியாழன்

தெரிந்துவிட்டது.

மீசை என்னைக் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். ஒரு மருத்துவமனையில் அந்தப் பெட்டிகளில் ஒன்று உள்ளுக்குள் உறைந்து போயிருக்கிறது. திரையில் பழைய வெப்பநிலையே நிற்க, ஹீட்டர் பாட்டுக்கு எரிந்திருக்கிறது. அலாரம் அடிக்கவில்லை. துணி மாற்றப் போன நர்ஸ் குழந்தையின் முதுகில் கை வைத்துப் பார்த்து, அப்படியே வாரி எடுத்திருக்கிறார். குழந்தை நன்றாக இருக்கிறது. நான் திரும்பத் திரும்ப அதையே கேட்டேன். "நல்லா இருக்கும்மா, தாய்கிட்ட கொடுத்துட்டாங்க, எத்தனை தடவை சொல்றது?" என்று மீசை எரிந்து விழுந்தார். அவர் குரலும் சரியாக இல்லை.

காரணமும் கண்டுபிடித்துவிட்டார்களாம். புரோகிராம் தனக்கு ஒதுக்கிய இடத்தைத் தாண்டி எழுதியிருக்கிறது. அப்படித் தாண்டினால் உடனே பிடித்து, ஹீட்டரை அணைத்து, அலாரம் அடிக்க வைக்கத்தான் எங்கள் கம்பைலரில் 'காவல்' என்று ஓர் ஆப்ஷன் இருக்கிறது. பெட்டி மேடம் அதைப் போடவில்லையா?

போட்டிருக்கிறார். ஒவ்வொரு முறையும் போட்டிருக்கிறார்.

மார்ச் 6, வெள்ளி

காலையில் வந்ததும் நம் கம்பைலரின் ஆப்ஷன் அட்டவணையைத் திறந்தேன். கட்டளை வரியில் என்னென்ன எழுதினால் என்னென்ன செய்வது என்று வரிசையாக இருக்கும். 'காவல்' இருக்கிறது. அதற்கு எதிரே: ஏற்றுக்கொள், எதுவும் செய்யாதே.

இரண்டு வருடம் முன் ஆறாம் பதிப்பில் அதை 'முழுக் காவல்', 'அரைக் காவல்' என்று இரண்டாகப் பிரித்தோம். பழையதைத் தூக்கி எறிந்தால் வாடிக்கையாளர்களின் பழைய கட்டளைகள் எல்லாம் நின்றுபோகும். அதனால் பழையதைச் சொன்னால் தலையாட்டுவோம். செய்ய மாட்டோம். எச்சரிக்கை? கிடையாது. 'அந்த ஆப்ஷன் இப்போது இல்லை' என்று ஒரு வரி? கிடையாது. எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிடும்.

அதே மாதிரி எத்தனை இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே போனேன். அறுபதைத் தாண்டியதும் எண்ணுவதை நிறுத்தினேன்.

மார்ச் 7, சனி

என் வீட்டுக்காரர் கடையிலிருந்து மதியமே வந்துவிட்டார். மருந்துக் கடையில் சனிக்கிழமை அரை நாள். சோபாவில் கால் நீட்டிக்கொண்டு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார், நான் "ம்" என்றேன். "என்ன சொன்னேன், சொல்லு பார்ப்போம்?" என்றார். மாட்டிக்கொண்டேன். "நீ எல்லாத்துக்கும் 'ம்'னு சொல்லுவ, ஒண்ணும் உள்ள போகாது" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அவருக்குக் கம்பைலர் என்றால் என்னவென்றே சரியாகத் தெரியாது. மனிதர் எழுதுவதை இயந்திரத்துக்குப் புரிகிற மாதிரி மாற்றித் தரும் புரோகிராம், மாற்றும்போது இப்படிச் செய், அப்படிச் செய் என்று அதற்குக் கூடவே உத்தரவு கொடுப்போம் என்றேன். தப்பான உத்தரவோ காலாவதியான உத்தரவோ கொடுத்தால் என்ன செய்யும் என்று கேட்டார். பேசாமல் விட்டுவிடும் என்றேன்.

எழுந்து உட்கார்ந்துவிட்டார். "ஏம்மா, சீட்டுல இப்ப வராத மருந்தை எழுதியிருக்காங்கன்னு வெச்சுக்கோ. நான் 'சரி'ன்னு சொல்லி, வெறும் கவரை மடிச்சு, மேல பேரையும் எழுதிக் கொடுத்தா எப்படி இருக்கும்?"

"பழைய ஆளுங்க கோவிச்சுக்கக் கூடாதுன்னு அப்படி வெச்சிருக்கோம்."

"கோவிச்சுக்கட்டும். கவுண்டர்ல நின்னு கத்தட்டும். வீட்டுக்குப் போய் வெறும் கவரைப் பிரிக்கிறதுக்கு அது தேவலை."

ரொம்ப எளிதாகச் சொல்லிவிட்டார். எனக்குக் கோபம்தான் வந்தது. கோபம் யார் மேல் என்று தெரியவில்லை.

மார்ச் 9, திங்கள்

மீசையோடு சண்டை. நல்ல சண்டை. ஜன்னலை இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

தெரியாத ஆப்ஷனோ காலாவதியான ஆப்ஷனோ வந்தால் கம்பைலர் வேலையை நிறுத்தி, பிழை என்று சொல்ல வேண்டும் என்றேன். "எட்டு வருஷம் முன்னாடி அதைத்தான் செஞ்சோம்" என்றார். நான் சேருவதற்கு முந்தைய கதை. ஒரே ஒரு பழைய ஆப்ஷனுக்குப் பிழை கொடுத்திருக்கிறார்கள். ஒரு வெள்ளிக்கிழமை, ஊரெல்லாம் வாடிக்கையாளர்களின் பில்டு, அதாவது புரோகிராம் தயாராகும் ஓட்டம், நின்றிருக்கிறது. பெரிய வாடிக்கையாளர் ஒருவர் கையை உதறிவிட்டுப் போனார், அந்தக் குழுவில் இரண்டு பேருக்கு வேலை போனது. அதில் ஒருவர் மீசையின் தோழர். சொல்லும்போது மேல் உதட்டைத் தடவினார், அங்கே மீசை இருக்கிற மாதிரி.

"நின்னுபோன பில்டுக்கு என்னைத் திட்டுவாங்க. நிக்காத பில்டுக்கு இதுவரைக்கும் ஒருத்தர்கூடத் திட்டினதில்லைம்மா."

"இப்பத் திட்டப் போறாங்க சார்."

"நம்மளை இல்ல."

பத்தொன்பதாம் தேதி அந்தக் கம்பெனியில் விசாரணை. வீடியோவில் எங்கள் தரப்பில் பேச வேண்டியவள் நான். சொல்ல வேண்டியதும் முடிவாகிவிட்டது: காவல் ஆப்ஷன் நீக்கப்பட்டது பற்றி ஆறாம் பதிப்பின் குறிப்பில், பக்கம் முப்பத்தொன்றில் எழுதியிருக்கிறோம். கம்பைலர் குறிப்பில் சொன்னபடிதான் நடந்தது. அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்றால் மீதி பெட்டி மேடம் தலையில். குறிப்பைப் படிக்காத இன்ஜினியர் என்று வேலையை விட்டு அனுப்புவார்கள். பச்சைக் குழந்தையை வேகவைக்கப் பார்த்தவள் என்று பெயர் வாங்கிய பிறகு யார் வேலை கொடுப்பார்கள்? அவர்கள் ஐந்தாம் பதிப்பிலிருந்து நேராக ஏழுக்குத் தாவியவர்கள். தாங்கள் வாங்காத ஆறின் குறிப்பை எந்தப் புண்ணியவதி தேடிப் படிப்பாள்?

விசாரணை முடியும்வரை அவரோடு பேசக் கூடாது என்றும் உத்தரவு.

மார்ச் 10, செவ்வாய்

தலைவலி. எழுத ஒன்றுமில்லை.

மார்ச் 11, புதன்

அவர் கூப்பிட்டார். என் சொந்த நம்பருக்கு. படிக்கட்டுக்கு வந்து எடுத்தேன்.

"மேடம், ஒரு சின்ன டவுட்."

குரல் நூல் மாதிரி இருந்தது. ஒரு வாரமாக அவரை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்களாம். கம்ப்யூட்டரையும் வாங்கிக்கொண்டார்களாம். "என் கையில எதுவுமே இல்ல, அதான் உங்களைக் கேக்கறேன். நான் 'காவல்'னு போட்டது... போட்டேன் இல்லையா? இல்ல, போட்டதா நானே நெனச்சுக்கறேனா? இங்க எல்லாரும் கேக்கற விதத்துல எனக்கே சந்தேகம் வருது. நீங்க நம்ம மெயிலைப் பார்த்திருப்பீங்க. போட்டிருந்தேன் இல்ல மேடம்?"

போட்டிருந்தீங்கன்னு ஒரு வார்த்தை. ஒரே வார்த்தை. அதுக்கு என்ன கேடு எனக்கு?

"பார்க்கலாம் மேடம்" என்றேன். "ம்... மீட்டிங்ல பேசுவாங்க. பார்க்கலாம்."

"சரி மேடம். தொந்தரவுக்கு மன்னிச்சுக்கோங்க."

வைத்துவிட்டார். நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். சே. என்ன ஜென்மம் நான்? கேட்டதையும் கேட்டுக்கொண்டேன், தலையையும் ஆட்டினேன், செய்யவும் இல்லை. மீசையை மட்டும் சொல்லி என்ன பயன்?

மார்ச் 13, வெள்ளி

கோபத்தில்தான் தொடங்கினேன், ஆனால் கோபத்தில் நல்ல வேலை நடக்கிறது. என்னிடமுள்ள கம்பைலர் பிரதியில் அந்த அறுபதுக்கும் மேற்பட்ட 'எதுவும் செய்யாதே'க்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டேன்.

முதலில் எச்சரிக்கை மட்டும் கொடுத்துப் பார்த்தேன். ஒரு பெரிய புரோகிராமைக் கொடுத்து ஓடவிட்டால், திரையில் எங்கெங்கோ இருந்து எச்சரிக்கைகள் அருவியாகக் கொட்டுகின்றன. நம்முடையது எங்கே என்று எழுதிய எனக்கே தெரியவில்லை. சந்தைக் கூட்டத்தில் ஒருவர் இருமுவது மாதிரி. வெளியே வரும்போது 'எல்லாம் சரி' என்றும் சொல்லிவிடுகிறது. இயந்திரங்கள் அந்தக் கடைசி வார்த்தையை மட்டும்தான் கேட்கும். ஆகவே அது உதவாது.

பிறகு, பழையதைச் சொன்னால் நாமே புதியதாக எடுத்துக்கொண்டால் என்ன? காவல் என்றால் முழுக் காவல் என்று? ஒரு மணி நேரம் அதில் மயங்கிக் கிடந்தேன். முழுக் காவலுக்கு இடம் அதிகம் வேண்டும். சின்னச் சில்லுகளில் அடங்காமல் வேறு எங்காவது இடிக்கும். வாடிக்கையாளர் மனதில் இருப்பது இதுதான் என்று முடிவு செய்ய நான் யார்? தெரியாததைத் தெரிந்த மாதிரி செய்வது, செய்யாமல் விடுவதைவிட மோசம்.

வேகத்துக்கான ஆப்ஷன்களையாவது விட்டுவிடலாமே, பாதுகாப்புக்கானவற்றுக்கு மட்டும் நிறுத்தலாமே என்றும் யோசித்தேன். எது யாருக்குப் பாதுகாப்பு என்று கம்பைலருக்கு எப்படித் தெரியும்?

கடைசியில் எல்லாவற்றுக்கும் ஒரே முடிவு. நிறுத்து. எந்த ஆப்ஷன் என்று சொல். இப்போது அதற்குப் பதில் என்ன என்று சொல். நீயாகச் செய்யாதே.

கிளம்பும்போது என் பிரதியைச் சோதனை இயந்திரத்தில் ஏற்றிவிட்டு வந்தேன். வாரக் கடைசியில் ஓடும் நீண்ட சோதனை அதன் மேல் ஓடட்டும், எதை உடைத்திருக்கிறேன் என்று திங்களன்று தெரியும்.

மார்ச் 16, திங்கள்

சோதனைத் திரை முழுக்கச் சிவப்பு. முதல் நிமிடத்திலேயே நின்றிருக்கிறது. நான் எதையோ சொதப்பிவிட்டேன் என்று திட்டிக்கொண்டே திறந்தேன்.

'"காவல்" என்ற ஆப்ஷன் இப்போது எதையும் செய்வதில்லை. நிறுத்துகிறேன்.'

நான் எழுதிய வாசகம். எனக்கே.

எங்கள் சோதனைக் கட்டளை ஃபைலில் பழைய ஆப்ஷன் இருக்கிறது. நாலாம் பதிப்புக் காலத்தில் எழுதிய ஃபைல், யாரும் தொடவில்லை. ஆறாம் பதிப்பிலிருந்து இன்று வரை ஒவ்வொரு வாரமும் 'காவலுடன் நீண்ட சோதனை' என்று தலைப்புப் போட்டு, காவல் இல்லாமல் ஓட்டி, பச்சை விளக்கைப் பார்த்துவிட்டு டீ குடிக்கப் போயிருக்கிறோம். பக்கம் முப்பத்தொன்றை எழுதியவர்களே நாங்கள்தான். எங்களுக்கே தெரியவில்லை.

ஃபைலின் தலையில் எழுதியவர் பெயர் இருக்கும். பார்த்தேன். மீசை.

அவரைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினேன். நின்றபடியே படித்தார். மறுபடி படித்தார். போய் ஜன்னலை மூடினார், ஏ.சி. இல்லை என்பதே நினைவில்லாமல்.

"வேற யார் பார்த்தாங்க?"

"யாரும் இல்ல சார்."

"இப்போதைக்கு இருக்கட்டும்மா. வியாழக்கிழமை முடியட்டும்."

மார்ச் 17, செவ்வாய்

மீசை லீவு. வயிற்று வலி என்று தகவல்.

மார்ச் 18, புதன்

நாளைக்கு என்ன பேசுவது? இன்று முழுவதும் இதுதான்.

சொன்னால் மீசை தொலைந்தார். ஏழு வருடம் எனக்கு வேலை கற்றுத் தந்தவரா என்றால் அப்படியெல்லாம் இல்லை, பாதி நேரம் சண்டைதான். ஆனால் என் அம்மா படுக்கையில் இருந்த மாதங்களில் என் வேலையையும் சேர்த்துப் பார்த்தவர், அதை ஒருநாளும் சொல்லிக் காட்டாதவர். சொல்லாவிட்டால் அந்தப் பெண் தொலைந்தார். நான் அவர் முகத்தைக்கூட நேரில் பார்த்ததில்லை.

வீட்டில் இவரிடம் கேட்டேன். "எனக்கென்ன தெரியும், நான் உப்புப் புளி விவகாரத்துக்கே உன்னைக் கேக்கறவன்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தக் கண்ணாடிப் பெட்டி இன்னும் எத்தனை ஆஸ்பத்திரில இருக்கு?" என்று கேட்டார்.

நிறைய. நிறையவே இருக்கிறது.

மார்ச் 19, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

மீசை வந்திருந்தார். இஸ்திரி போட்ட சட்டை. என் பக்கத்தில் உட்காராமல் தன் மேசையிலிருந்தே மீட்டிங்கில் சேர்ந்தார். திரையில் கட்டம் கட்டமாக முகங்கள். ஓரக் கட்டத்தில் பெட்டி மேடம். நான் நினைத்ததைவிட வயதானவர், காதோரம் நரை. ஒரு கையால் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

விசாரணை அதிகாரி கண்ணாடி போட்ட அம்மாள். குரலை உயர்த்தவே இல்லை. காவல் நீக்கப்பட்டது குறிப்பில் இருக்கிறதா? இருக்கிறது என்றேன். எந்தப் பக்கம்? முப்பத்தொன்று. பெட்டி மேடம் தலையைக் குனிந்துகொண்டார்.

"இதுதான் கடைசிக் கேள்வி. கவனமா வேலை செய்யற ஒரு இன்ஜினியர் இதைக் கண்டுபிடிச்சிருப்பாரா?"

கண்டுபிடிச்சிருப்பார் என்று சொன்னால் முடிந்தது. தொண்டை வரைக்கும் வந்துவிட்டது, சத்தியமாக வந்துவிட்டது.

"அவங்க அந்த ஆப்ஷனைப் போட்டாங்க" என்றேன். "ஒவ்வொரு தடவையும் போட்டாங்க. எங்க கம்பைலர் அதை வாங்கிக்கிட்டு, ஒண்ணும் செய்யாம, எல்லாம் சரின்னு சொல்லிச்சு. கண்டுபிடிக்க வழியே இல்ல. எங்க ஆளுங்களே கண்டுபிடிக்கல. எங்க சோதனையிலயும் ரெண்டு வருஷமா அதே பழைய ஆப்ஷன்தான் இருக்கு. திங்கட்கிழமைதான் தெரிஞ்சுது."

"உங்க ஆளுங்கன்னா யாரு?" என்று அந்த அம்மாள் கேட்டார்.

மீசையின் பெயரை எப்படிச் சொல்வேன்?

அப்போது மீசையின் கட்டம் ஒளிர்ந்தது. மைக்கைப் போடத் தெரியாமல் இரண்டு முறை அழுத்தி அழுத்தி, "கேக்குதா?" என்றார். "அந்த ஃபைல் என்னுதுங்க. அந்த முப்பத்தொண்ணாம் பக்கம் எழுதினதும் நான்தான். எழுதினவனுக்கே தெரியலன்னா அது அந்தம்மா தப்பு இல்ல. அந்த ஆப்ஷனைச் சத்தம் போடாம விடணும்னு சொன்னதும் நான்தான். இந்தப் பொண்ணு வேண்டாம்னுதான் சொல்லிச்சு."

இந்தப் பொண்ணு. எனக்கு நாற்பத்திரண்டு வயது.

திரையில் பெட்டி மேடம் முகத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டார். என் மேசையிலிருந்து எட்டிப் பார்த்தேன். மீசை ஹெட்போனைக் கழற்றி, ஒயரைச் சுற்றிச் சுற்றி வைத்துக்கொண்டிருந்தார்.

மார்ச் 20, வெள்ளி

நான் ஒன்றும் பெரிதாகச் செய்துவிடவில்லை. அதைவிட, செய்ய இவ்வளவு நாள் ஆனதுதான் உறுத்துகிறது.

ஏப்ரல் 8, புதன்

பெட்டிகளை எல்லாம் மருத்துவமனைகளிலிருந்து திரும்ப வாங்கிவிட்டார்கள். 'முழுக் காவல்' போட்டுத் திருப்பி அனுப்புகிறார்களாம். பெட்டி மேடத்தைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. நானாகக் கூப்பிட எனக்கு முகம் இல்லை.

மீசையைக் கீழ்த் தளத்துக்கு மாற்றிவிட்டார்கள். பதிப்புக் குறிப்புகள் எழுதும் பிரிவு. "முப்பத்தொண்ணாம் பக்கம் எழுதினவனை முழுநேரமும் பக்கம் எழுத வெச்சுட்டாங்க" என்று சிரித்தார். நான் அழுதுவிட்டேன், அவருக்குச் சங்கடமாகிவிட்டது. "ஏ.சி. கீழ நல்லா வேலை செய்யுதும்மா, வந்து பாரு" என்றார்.

அவர் போனும் மேசையும் இப்போது எனக்கு.

மே 12, செவ்வாய்

புதிய பதிப்பு நேற்று வெளியானது. காலாவதியான ஆப்ஷனோ தெரியாத ஆப்ஷனோ வந்தால் நிற்கும். பிழை வாசகங்களை மீசைதான் கீழே உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் செதுக்கினார். "'தவறு'ன்னு போடாதே, அவங்களுக்கு ரோஷம் வரும். என்ன செய்யணும்னு மட்டும் சொல்லு."

காலையிலிருந்து போன் ஓயவில்லை. "ஏழு வருஷமா ஓடிட்டிருந்தது, உங்களால நின்னுபோச்சு!" ஆமாங்க, வேணும்னேதான் நிறுத்தினோம். "எங்க மேனேஜர்கிட்ட என்ன சொல்றது?" அந்த ஆப்ஷன் ஏழு வருஷமா ஒண்ணுமே செய்யலன்னு சொல்லுங்க. ஒருவர் ஒப்பந்தத்தை ரத்து செய்வதாக மிரட்டினார். மிரட்டலா, நிஜமா என்று தெரியாது. எட்டு வருடம் முன்னால் மீசை எப்படி இருந்திருப்பார் என்று இப்போது புரிகிறது. பயமாகத்தான் இருக்கிறது. மேலிடத்திலிருந்து இரண்டு முறை ஆள் வந்து என் மேசையைப் பார்த்துவிட்டுப் போனார்கள். இந்த முடிவு நிற்குமா, நான் நிற்பேனா, ஒன்றும் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்தபோது தொண்டை கட்டியிருந்தது. இவர் ஒரு மாத்திரையை நீட்டினார். கவரைப் பிரித்து உள்ளே பார்த்தேன். "இருக்கு, இருக்கு" என்றார்.

ஜூன் 3, புதன்

மதியம் மீசையின் போன் அடித்தது. என் போன் என்று எழுத இன்னும் கை வரவில்லை. திட்டு வாங்கத் தயாராக எடுத்தேன்.

"மேடம், ஒரு சின்ன டவுட்."

நாற்காலியைத் தேடி உட்கார்ந்தேன். பின்னால் யாரோ அவரைக் கூப்பிடும் சத்தம் கேட்டது, "ரெண்டு நிமிஷம், கம்பைலர் ஆபீஸ்ல பேசிட்டிருக்கேன்" என்று அதட்டினார். அதே கம்பெனி. அதே மேசையாம்.

"உங்க புது பதிப்பு எங்க பில்டை நிறுத்திடுச்சு. ரெண்டு இடத்துல. அரை நாள் வேலை போச்சு எனக்கு."

"மன்னிச்சுக்கோங்க மேடம்."

"இருங்க, நான் முடிக்கல. ஒண்ணு வெறும் குப்பை, எடுத்துட்டேன். இன்னொண்ணு வேகத்துக்கான ஆப்ஷன், எங்க அலாரம் பகுதியில. அது செத்துப் போனதுல அலாரம் ஒரு நொடி தாமதமாத்தான் அடிச்சிட்டிருந்திருக்கு. யாருக்கும் தெரியாது. காலையில திட்டணும்னுதான் நம்பரைத் தேடினேன்."

"திட்டுங்க."

திட்டவில்லை. "சரி, என் டவுட்டுக்கு வரேன்" என்று ஆரம்பித்தார்.

வழக்கம்போலப் பத்துக் கேள்வி. ஒன்பதுக்குப் பதில் சொன்னேன். பத்தாவது எனக்குப் புரியவில்லை.

"புரியல மேடம்" என்றேன். "திரும்பச் சொல்லுங்க."